போக மறுக்கும் மென்பொருள்

கணினியில் ஆன்டிவைரஸை நீக்க முடியவில்லையா? நம்மவர்கள் உடனே கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறார்கள். வங்கியில் இருப்பவன் என்கிற முறையில் எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அப்படிக் கிடைப்பதில் போலி நம்பர்கள் ஏராளம். எடுப்பவன் பணிவாகப் பேசி எனிடெஸ்க் போடச் சொல்வான். அது நல்ல மென்பொருள்தான், ஆனால் உங்கள் திரை முழுக்க அவன் கைக்குப் போய்விடும், நெட் பேங்கிங் உட்பட. ஒன்றைத் துரத்தப்போய் இன்னொன்றை உள்ளே விட்டாச்சு! ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. இங்கே கொல்கத்தாவில் சால்ட் லேக் செக்டர் 5 பக்கம் போலி கால் சென்டர்கள் பிடிபடுவதும் புதிதல்ல.

ஆன்டிவைரஸ் அடம்பிடிப்பது கோளாறே அல்ல. வைரஸ் தன்னை அழித்துவிடக் கூடாதென்று தற்காப்பு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் அதை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, பிறகு நீக்கிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால், நார்ட்டன், மெக்காஃபி போன்றவை தங்கள் தளத்திலேயே இதற்கென்று தனி டூல் இலவசமாகத் தருகின்றன. மற்ற மென்பொருள்களுக்கு மைக்ரோசாஃப்டின் ட்ரபிள்ஷூட்டர் உண்டு. (இடம் மிச்சம் பிடிக்க விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரை அழிக்கும் புண்ணியவான்களே, நீக்குவதற்கான ஃபைலே அங்கேதான் இருக்கிறது!)

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடமும் இந்த நம்பர் விஷயத்தை இன்றைக்கே போனில் சொல்லிவையுங்கள்.