மார்க்கர் இல்லாத ஜெல், ஸ்பெசிமன் இல்லாத செக்

பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்குப் புரோட்டீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாக்பூர் வந்த பிறகு, எம்.எஸ்ஸி. படிக்கும் மகள் புண்ணியத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

இந்த விதர்பா பக்கம் சிக்கிள் செல் நோய் அதிகம். குழந்தைகளின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஐசோஎலக்ட்ரிக் ஃபோகஸிங்கில் பிரித்துப் பார்ப்பது அவளுடைய புராஜக்ட். ஜெல்லின் ஒரு முனை அமிலம், மறுமுனை காரம். மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொரு புரோட்டீனும் நகர்ந்து, தன் மின்னூட்டம் பூஜ்யமாகிற பி.எச். அளவில் போய் நின்றுவிடும். சாதாரண ஹீமோகுளோபின் ஏ 7-ஐ ஒட்டி நிற்கும். சிக்கிள் செல்லின் எஸ், சுமார் 0.2 தள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நிற்கிற கோடு எது என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் மார்க்கர். ஏ, எஃப், எஸ், சி நான்கும் கலந்த, ஏற்கெனவே தெரிந்த மாதிரியைப் பக்கத்திலேயே ஓட்டுவார்கள்.

ஒருநாள் மகள் சொன்னாள்: "போன ஜெல்லோட மார்க்கரே போதும், அந்த எடத்துல இன்னும் ரெண்டு சாம்பிள் போடலாம்னு சொல்றாங்கப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருஷக் கஸ்டமராக இருந்தாலும் ஞாபகத்தை நம்பி செக் பாஸ் பண்ணுவோமா? ஸ்பெசிமன் கையெழுத்தைப் பார்த்துத்தானே? வெப்பநிலை மாறினாலும், சாம்பிளில் உப்பு கூடினாலும் கோடு நகரும் என்று அவளேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஒரே ஜெல்லில் ஓரமும் நடுவும்கூட ஒரே மாதிரி ஓடாது.

இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மார்க்கர் போட்டாள். ஒரு குழந்தையின் கோடு எஸ்-ஸுக்கு மயிரிழை முன்னால் நின்றது. வேறொரு முறையில் சோதித்தபோது அது டி-பஞ்சாப் வகை என்று தெரிந்தது. ஏ-யோடு சேர்ந்திருந்தால் பொதுவாகத் தொந்தரவு தராத வகை. மார்க்கர் இல்லாமல் 'சிக்கிள்' என்று எழுதியிருந்தால்? பெண் குழந்தை. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்தக் காகிதம் கூடவே போயிருக்கும்.

2023-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தின் இலக்கு 7 கோடிப் பேரைச் சோதிப்பது. நல்ல காரியம். ஆனால் எண்ணிக்கை ஏறும்போது முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரி 'வீண்' செலவுகள்தான். என் கட்சி இதுதான்: இரண்டு சாம்பிள் குறைந்தாலும் பரவாயில்லை, மார்க்கரில் கை வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலும் லேபில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்களே, கேட்டுப் பாருங்கள்.