பிள்ளை கையில் ரேகை இல்லையாம்!

போன வாரம் எதிர் வீட்டு மருமகள் அழாத குறையாக வந்து நின்றாள். “தாத்தா, பிள்ளை கையில ரேகையே இல்லைன்னு சொல்லிட்டாங்க” என்றாள். பையனுக்கு இப்போதுதான் ஐந்து வயது முடிந்திருக்கிறது. ஆதாருக்குக் கைரேகை வைக்க, இங்கே திருமங்கலத்தில் ஒரு மையத்துக்கு மூன்று முறை அழைத்துப் போயிருக்கிறாள். மூன்று முறையும் கருவி ஏற்கவில்லை. ஏதோ குறையோடு பெற்றுவிட்டோமோ என்கிற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

பையன் கையை வாங்கி, பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சுழி சுழியாக எல்லாம் அழகாகவே இருந்தன.

தாய் வயிற்றில் ஆறாம் மாதத்திலேயே ரேகை அமைந்துவிடுகிறது. அதன்பின் வடிவம் மாறாது; விரல் வளர வளரக் கோடுகளுக்கு நடுவே இடைவெளிதான் கூடும். பச்சைப் பிள்ளைக்கு அந்த இடைவெளி பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறையப் பாதி. வழக்கமான கருவி அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற கணக்கில் படம் எடுக்கிறது. அது பெரியவர் விரலுக்குப் போதும். குழந்தையின் கோடுகளோ அதில் ஒன்றோடொன்று ஒட்டி அப்பிவிடும். போதாததற்கு, மெத்தென்ற ஈரத் தோல், விரிக்க மறுக்கும் கை.

இதனால்தான் 5 வயது வரை ஆதாரில் ரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை. முகப்படம் மட்டும் எடுத்து, பெற்றோர் எண்ணோடு இணைத்து, நீல நிற அட்டை தருகிறார்கள். கைப்பிள்ளையின் முகம் மாதத்துக்கு மாதம் மாறும். அந்தப் படத்தை வைத்து யாரை அடையாளம் காண்பது?

நான் படித்தது பிரெஞ்சுவழியில். பாரிஸ் போலீசின் பெர்த்தியோன் பற்றி அப்போதே கேள்விப்பட்டிருக்கிறேன். எலும்புகளை அளந்து ஆளை அடையாளம் காண்பது அவர் முறை. வளர்ந்து முடிந்தவர்களுக்கே அது பொருந்தும். அன்றும் குழந்தை கணக்கில் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அனில் ஜெயின் குழுவினர், ஆக்ரா அருகே தயால்பாக்கில் 309 குழந்தைகளிடம் ஓராண்டில் நான்கு முறை ரேகை எடுத்தார்கள். கருவி, அங்குலத்துக்கு 1,270 புள்ளி எடுப்பது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளில் 98.9 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டது. பிறகு 1,900 புள்ளிக் கருவியும் செய்தார்கள். தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகப் பிழைக்கப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. இப்படிப்பட்ட கருவிகள் வரத்தான் வேண்டும்.

ஆனால் மீதி ஒன்று சொச்சம் விழுக்காடு? ஆராய்ச்சிக்கு அது சிறிய எண். கவுன்டரில் நிற்கும் தாய்க்கு அது அவள் பிள்ளை.

நான் வேலையில் இருந்த காலத்தில், நாற்று நட்டு நட்டு விரல் தேய்ந்த கிழவிகளின் கைநாட்டு வெறும் மை அப்பலாகத்தான் விழும். பக்கத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவோம். ரேகை விழவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சலுகையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. கருவி எவ்வளவு தெளிவாக வந்தாலும், அது தோற்கும் இடத்தில் மனிதன் கையெழுத்துப் போட ஒரு கட்டம் படிவத்தில் இருந்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “பிள்ளை விரல்ல ஒரு குறையும் இல்லைம்மா. மிஷினைத்தான் பெரியவங்களுக்குன்னு செஞ்சு வச்சிருக்காங்க. சாப்பிட வச்சு, கையைக் கழுவித் துடைச்சுக் கூட்டிட்டு வா.”

திங்கட்கிழமை நாலாவது தடவை போகிறோம். நானும் கூடப் போகிறேன்.