டேவிட் கார்: வீணானவரா, வீணடிக்கப்பட்டவரா?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரியில் கலக்கிய ஒரு பையனை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு ஜெர்சியைக் கொடுத்து, "இனி நம் அணியை இவன்தான் கரையேற்றப் போகிறான்" என்று ஊரே ஆர்ப்பரிக்கும். நாலைந்து வருடம் கழித்து அதே பையனை 'பஸ்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெரிய விலை கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் சொத்தை. அதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். காய் ஏன் சொத்தையானது, வாங்கும்போதே அப்படி இருந்ததா, வாங்கியவன் வெயிலில் போட்டு வைத்தானா என்று யாரும் கேட்பதில்லை.

டேவிட் கார் (ஆள் பெயர்தான், நாலு சக்கர வண்டி இல்லை) என்ற குவார்ட்டர்பேக்கின் கதையில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆட்டம் தெரியாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம், தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. இரண்டு பக்கமும் கூர்மையான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். தூரத்தில் ஓடும் தன் ஆட்களில் யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்து எறிய அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியையும் வாங்கித் தருவது அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து மலைகள், அதாவது முன்வரிசைக்காரர்கள். அந்தச் சுவர் இடிந்தால் எதிரணியின் நூற்றிருபது கிலோ ஆசாமி யாராவது வந்து குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு தரையில் சாய்ப்பார். அதற்குப் பெயர் 'சாக்'. அதிலும் வலது கைக்காரருக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம். அங்கிருந்து வரும் அடி கண்ணுக்கே தெரியாது.

2002-இல் ஹூஸ்டன் நகரத்துக்கு டெக்சன்ஸ் என்று ஒரு புத்தம் புது அணி வந்தது. புது அணி என்பதால் அந்த வருட டிராஃப்டில் முதல் தேர்வு அவர்களுக்கு. அவர்கள் எடுத்தது கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய டேவிட் காரை. நல்ல உயரம், பலமான கை, பந்தை விடுவிக்கும் வேகம் என்று எல்லாமே இருந்தது. செப்டம்பர் 8 அன்று முதல் ஆட்டம், அதே மாநிலத்தின் பெரிய அண்ணன் டல்லஸ் கௌபாய்ஸோடு. 19-10 என்று டெக்சன்ஸ் ஜெயித்தது. புதிதாகச் சேர்ந்த ஓர் அணி தன் முதல் ஆட்டத்தையே ஜெயித்தது 1961-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஹூஸ்டன் அன்று தூங்கியிருக்காது.

பிறகுதான் பில் வந்தது. அந்த சீசன் முடிவதற்குள் டேவிட் 76 தடவை சாக் ஆனார். அதற்கு முன் இருந்த சாதனை, 1986-இல் ராண்டல் கன்னிங்ஹாம் வாங்கிய 72. டேவிட்டின் 76-ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை, தாண்ட ஆசைப்படவும் மாட்டார்கள்! பதினாறு ஆட்டத்தில் 76 என்றால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து. இது சாக் கணக்கு மட்டும். பந்தை எறிந்த அடுத்த கணத்தில் வாங்கிய அடிகள் இதில் சேராது.

ஏன் இப்படி? புது அணிக்கு ஆள் சேர்க்க மற்ற அணிகள் தங்களுக்கு வேண்டாதவர்களின் பட்டியலைத் தரும். நல்ல முன்வரிசைக்காரரை எவன் தானம் கொடுப்பான்? கிடைத்த ஒரே பெரிய பெயர் ஜாக்சன்வில்லின் டோனி போசெல்லி. பிற்பாடு 2022-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற மகா ஆட்டக்காரர். டெக்சன்ஸ் அவரைத்தான் முதல் ஆளாக எடுத்தது, டேவிட்டின் முதுகைக் காக்க. ஆனால் அவர் தோள்பட்டை ஏற்கனவே கெட்டிருந்தது. ஹூஸ்டனுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

சரி, அது துரதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. 2002-இல் இரண்டாம் சுற்றில் செஸ்டர் பிட்ஸ் என்ற முன்வரிசைக்காரரை எடுத்தார்கள், அந்த வரைக்கும் சரி. ஆனால் முதல் சுற்றில், அதாவது நாட்டின் மிகச் சிறந்த பையன்கள் கிடைக்கும் இடத்தில், 2003-இல் பந்து பிடிக்கும் ஆண்ட்ரே ஜான்சன், 2004-இல் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், 2005-இல் இன்னொரு தடுப்பாட்டக்காரர், 2006-இல் மரியோ வில்லியம்ஸ், அவரும் தடுப்பாட்டக்காரர்தான். டெக்சன்ஸ் முதல் சுற்றில் ஒரு முன்வரிசைக்காரரை எடுத்தது 2008-இல், டுவேன் பிரவுனை. டேவிட்டை வெளியே அனுப்பி ஒரு வருடம் ஆன பிறகு! கூரை போட்டு, பெயின்ட் அடித்து, குடியிருந்தவரும் காலி செய்தபின் சுவர் எழுப்பிய கதை.

நடுவில் நம்பிக்கை துளிர்க்காமல் இல்லை. 2004-இல் டேவிட் 3,531 கெஜம் எறிந்தார், அணி 7-9 வரை வந்தது. ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விட்டபோது 2005 வந்தது. அந்த வருடம் 68 சாக். இரண்டே ஆட்டம் முடிந்ததும் தாக்குதல் பயிற்சியாளர் கிறிஸ் பால்மரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அணி 2-14. இந்தப் பால்மர் யார் தெரியுமா? 1999-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி மறுபடி உயிர்பெற்று, முதல் தேர்வாக டிம் கவுச் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்ததே, அப்போது அங்கே தலைமைப் பயிற்சியாளர். கவுச் அந்த முதல் வருடத்தில் வாங்கிய சாக் 56. அவரும் 2003-க்குப் பிறகு லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பால்மர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. புது அணிக்கு டிக்கெட் விற்க ஒரு முகம் வேண்டும், முகத்தை முதலில் வாங்கிவிட்டு உடம்பை அப்புறம் தேடுவார்கள். அந்த அவசரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அடி உடம்பில் விழுந்தாலும் கெடுவது கண். குவார்ட்டர்பேக்கின் பார்வை எப்போதும் தூரத்தில், தன் ஆட்கள் மேல் இருக்க வேண்டும். பக்கத்தில் எவன் வருகிறான் என்பதை உள்ளுணர்வாலேயே அறிந்து, காலை ஓரடி நகர்த்தித் தப்ப வேண்டும். திரும்பத் திரும்ப அடி வாங்குகிறவருக்குப் பார்வை தானாகக் கிட்டத்தில் இறங்கிவிடும். தூரத்தில் தனியாக ஓடுகிறவர் கண்ணில் படமாட்டார், பாய்ந்து வருகிறவன் மட்டுமே தெரிவான். பிறகு சுவர் இடியாத நேரத்திலும் இடிந்ததாகவே தோன்றும். 2019-இல் நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னல்ட் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, தனக்குப் பேய் தெரிவதாகச் சொன்னது மைக்கில் பதிவாகி நாடே சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. இல்லாத எதிரியைப் பார்க்க அந்தப் பையனுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

டேவிட்டின் 2006 கணக்கைப் பாருங்கள். எறிந்ததில் 68.3 சதவீதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, லீக்கிலேயே அதுதான் அதிகம். ஓர் ஆட்டத்தில் தொடர்ந்து 22 எறிகள் குறி தப்பாமல் போய், லீக் சாதனையைச் சமன் செய்தார். ஆஹா என்று சொல்வதற்கு முன் இன்னொரு எண்: ஓர் எறிக்குச் சராசரி 6.3 கெஜம்தான். பந்து வந்ததும் பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளிவிடுவது! சூடு கண்ட பூனை. அந்த சீசனோடு ஹூஸ்டனில் அவர் கணக்கு முடிந்தது. அட்லாண்டாவிலிருந்து மேட் ஷாப்பை வாங்கிக்கொண்டு, 2007 மார்ச்சில் டேவிட்டை விடுவித்தார்கள். ஐந்து வருடம், 75 ஆட்டம், 22 வெற்றி, 249 சாக்.

தப்பு முழுக்க அணி மேல்தானா என்றால், இல்லை. சாக் என்பது பாதி குவார்ட்டர்பேக்கின் கணக்கும்கூட. டேவிட் பந்தைத் தேவைக்கு மேல் வைத்துக்கொண்டிருப்பார், வெளியே எறிந்து தப்ப வேண்டிய இடத்தில் அடி வாங்கி நிற்பார். அதை ஹூஸ்டன் ரசிகர்கள் சொன்னது பொய்யில்லை. உடைந்த சுவருக்குப் பின்னால் நின்றே ஜெயித்தவர்களும் உண்டு. சின்சினாட்டியின் ஜோ பர்ரோ 2021 சீசனில் 51 சாக் வாங்கினார், பிளேஆஃபில் டென்னசியோடு ஒரே ஆட்டத்தில் 9 வாங்கியும் ஜெயித்து, சூப்பர் பவுல் வரை போனார். ஆனால் அதே பர்ரோவின் முழங்கால் முதல் வருடம் பத்தாவது ஆட்டத்திலேயே கிழிந்ததை மறந்துவிடக் கூடாது. நெஞ்சுரம் உள்ளவனும் எலும்பும் சதையும்தான். லட்சத்தில் ஒருவனைக் காட்டி, மற்றவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்பது என்ன நியாயம்? ஓக்லண்டின் ஜமார்கஸ் ரஸ்ஸல் மாதிரி சம்பளப் பேரத்துக்காகப் பயிற்சி முகாமையே தவறவிட்ட முதல் தேர்வுகளை 'பஸ்ட்' என்று திட்டட்டும். டேவிட்டை அந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

சந்தேகம் இருப்பவர்கள் சிகாகோவைப் பார்க்கலாம். 2024-இன் முதல் தேர்வு காலெப் வில்லியம்ஸ், முதல் சீசனில் 68 சாக், அணிக்கு ஐந்தே வெற்றி. பையன் பந்தை விடமாட்டேன் என்கிறான், தேறமாட்டான் என்று உடனே பேச்சு கிளம்பியது. சிகாகோ என்ன செய்தது? பென் ஜான்சனைப் புதுப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது. கூடவே முன்வரிசையின் நடுவில் மூன்று இடத்துக்கும் அனுபவஸ்தர்களை விலைக்கு வாங்கிப் போட்டது. 2025-இல் சாக் பாதிக்கும் கீழே போனது, 11-6 என்று டிவிஷனையே ஜெயித்தார்கள். எறிந்தது அதே கைதான்.

ஹூஸ்டனுக்குப் பிறகு டேவிட் கரோலைனா, சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் ஜயன்ட்ஸ் என்று மாற்று ஆட்டக்காரராகவே சுற்றினார். 2012 பிப்ரவரியில் ஜயன்ட்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தபோது ஈலை மேனிங்குக்கு அடுத்த ஆளாகப் பெஞ்சில் இருந்து மோதிரமும் வாங்கினார். அண்ணன் ஹூஸ்டனில் ஆடிய வருடங்களில் பக்கத்திலேயே பள்ளியில் படித்த தம்பி டெரெக்கும் குவார்ட்டர்பேக்தான், அவரும் ஃபிரெஸ்னோ ஸ்டேட்தான். 2014-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. அதே வருடம் டொனால்ட் பென் என்ற அனுபவசாலியை அவருடைய இடது பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. முதல் ஆட்டத்திலிருந்தே களமிறங்கிப் பதினாறு ஆட்டமும் ஆடிய தம்பி, அந்த வருடம் வாங்கிய சாக் 24.