முகமூடி கடைசியில் வரட்டும்

புல்லுக்கு அடிக்கும் களைநாசினியையும் பூச்சிக்கு அடிக்கும் நஞ்சையும் நமது தோட்டங்களில் "மருந்து" என்றே சொல்கிறோம். பெரட்டுக்களத்தில் "இன்றைக்கு உனக்கு மருந்தடிக்கிற வேலை" என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். நோயைத் தீர்ப்பதுதான் மருந்து. பதினாறு லீற்றர் தாங்கியை முதுகில் கட்டி மலையேறுகிறவருக்கு இது நோயைக் கொண்டுவரும் பொருள். பெயர் மருந்து என்பதாலேயே நாமும் அதற்குப் பயப்படுவதில்லை.

சென்ற மாதம் ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பாதுகாப்புக்கு நிர்வாகம் என்ன செய்கிறது என்று தலைவர்மாரிடம் கேட்டபோது, "மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள்" என்றார்கள். கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் போட்ட அதே மெல்லிய மாஸ்க். தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் எழுந்து சொன்னார்: "அண்ணே, மாஸ்க் போட்டாலும் வீட்டுக்குப் போய் மூக்கச் சிந்துனா கறுப்பாத்தான் வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் இருமல் கொஞ்சம் அடங்குது. திங்கக்கிழமை திரும்பவும் வந்துருது."

படித்த வைத்தியர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்தச் சகோதரி கேட்காமலே பதில் சொல்லிவிட்டார். லீவு நாளில் அடங்கி, வேலை நாளில் திரும்பும் இருமல் வேலையால் வந்ததாக இருக்கலாம் என்பதற்கு அது முக்கியமான அடையாளம். அதை லயத்துக் குளிர் என்றும் வயது என்றும் தள்ளிவிடக் கூடாது.

தேயிலைத் தூசி நோய் தரும் என்பது புதிய செய்தி அல்ல. இந்த நாட்டின் நெஞ்சு நோய் வைத்தியர் சி. ஜி. உரகொட 1970களிலும் 80களிலும் தேயிலை, இலவம்பஞ்சு, கறுவா ஆகியவற்றில் வேலை செய்வோரைப் பரிசோதித்து, அவர்களிடம் காணப்பட்ட இருமலையும் ஆஸ்துமாவையும் மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதினார். மாத்தளையில் தேயிலை மட்டுமா இருக்கிறது? மிளகு, கறுவா, மிளகாய் அரைக்கும் இடங்களிலும் நமது பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் போமிக் அமிலம் கையையும் கண்ணையும் சுடும். ஆக, இது ஒரு தோட்டத்தின் பிரச்சினை அல்ல.

மாஸ்க் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. நமது சங்கமும் பல இடங்களில் "மாஸ்க் கொடு, கையுறை கொடு" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. நாம் கேட்கும் வரிசையே பிழை என்பது எனது கருத்து.

தொழிற் சுகாதாரம் என்ற துறை ஒரு வரிசையைச் சொல்கிறது. ஆபத்தான பொருள் தேவைதானா என்பது முதல் கேள்வி. தேவையில்லை என்றால் அகற்று. தேவை என்றால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்று. அதுவும் முடியாவிட்டால் தூசியை அது கிளம்பும் இடத்திலேயே மூடு, உறிஞ்சி வெளியேற்று. அடுத்து, ஒருவர் அதில் நிற்கும் நேரத்தைக் குறை. இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் ஆபத்துக்குத்தான் முகமூடி. முதல் நான்கும் நிர்வாகத்தின் பொறுப்பு. கடைசி ஒன்று மட்டும் தொழிலாளியின் முகத்தில் தொங்குகிறது. அதனால்தான் நிர்வாகங்களுக்கு அந்தக் கடைசி ஒன்றைப் பிடித்திருக்கிறது.

சலிக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். சல்லடை மெசினுக்கு மூடி போட்டு, அதன் வாயிலேயே தூசியை இழுக்கும் குழாய் வைத்தால் அறைக்குள் தூசி பறக்காது. சுவரில் சுழலும் மின்விசிறி அந்த வேலையைச் செய்யாது, ஒருவரின் தூசியை அடுத்தவரின் முகத்துக்கு அனுப்பும். தரையில் கிடப்பதை விளக்குமாற்றால் கூட்டினால் அடங்கிய தூசி மறுபடி எழும். உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்தால் எழாது. இவை பெரிய விஞ்ஞானம் அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே, தீங்கு தரும் தூசி தொழிலாளியின் மூச்சில் சேராமல் தடுக்க இயன்றதைச் செய்ய வேண்டும் என்கிறது. எண்பது வருடங்களுக்கு மேற்பட்ட சட்டம் அது.

ஆனால் அந்தச் சட்டம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது, மலைக்கு வருவதில்லை. மலையில் மருந்தடிப்பவருக்கு நஞ்சு அதிகமாகச் சேருவது தோல் வழியாக. கசியும் தாங்கி முதுகை நனைக்கிறது, முன்னால் அடித்த புல் தொடையை நனைக்கிறது, கலக்கும்போது கை நனைகிறது. மாஸ்க் இதில் எதைத் தடுக்கும்? அந்த உடுப்போடு அவர் லயத்துக்கு வருகிறார். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. உடுப்பு வீட்டுத் துணிகளோடு சேர்ந்து துவைக்கப்படுகிறது.

ஆபத்தை அகற்றுவது நடக்காத காரியம் என்பார்கள். இந்த நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. 1995இல் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கிருமிநாசினிகளே அதற்குப் பெரிய காரணமாக இருந்தன. அந்த ஆண்டளவில் மிகக் கொடிய வகைகளும், 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. அடுத்த பத்து வருடங்களில் அந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பின்னர் 2008 தொடங்கி 2011 வரை பரகுவாட், டைமெதோவேட், பென்தியோன் மூன்றும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. மக்களுக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல் நஞ்சையே எடுத்ததால் உயிர்கள் தப்பின.

எடுப்பதற்கும் முறை வேண்டும். 2021இல் ஒரே இரவில் எல்லாவற்றையும் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் திருப்பி எடுத்ததன் பாடத்தை நாம் கொழுந்து நிறுவையில் பார்த்தோம். தேயிலைச் செடி இல்லாத வெற்றிடங்களில் கன்று நட்டு நிலத்தை மூடுவது, கவ்வாத்து வெட்டிய குச்சிகளை அங்கேயே பரப்புவது, கையால் புல் வெட்ட ஆள் போடுவது என்று திட்டமிட்டுச் செய்தால் மருந்தடிக்கும் தடவைகள் குறையும். ஆட்களுக்கு வேலை நாளும் கூடும்.

2015இல் கிளைபொசேட் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மாற்றாக அடித்த எம்.சி.பி.ஏ. களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் சுட்டிக்காட்டியது. உடனே கம்பனிகளும் அமைச்சும் பதறின. அவன் குடிக்கும் கோப்பையில் துளியின் துளி இருந்தாலும் அளக்கக் கருவி இருக்கிறது. அதே களைநாசினியை முதுகில் சுமந்தவரின் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று யார் அளந்தார்கள்? சலிக்கும் அறையின் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று யார் அளந்தார்கள்? அளக்கத் தெரியாமல் இல்லை. தொழில் திணைக்களத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமும் அமைக்கப்பட்டிருக்கிறது. நாம் எழுதிக் கேட்காதவரை அவர்கள் எல்கடுவைக்கும் கந்தேநுவரவுக்கும் ஏறி வரப்போவதில்லை.

"கொடுத்தாலும் போடமாட்டார்கள்" என்று துரைமார் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. வெயிலில், செங்குத்து மலையில், இத்தனை கிலோ சுமையோடு மூக்கை மூடிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஆளின் பொறுமையை நம்பி நிற்கும் பாதுகாப்பு பாதுகாப்பே அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

"முதலில் சம்பளம், பிறகு மற்றது" என்று நமது தோழர்கள் சொல்வதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. 2021இல் 1,000 ரூபாவுக்கும் 2024இல் 1,350 ரூபாவுக்கும் நாம் பட்ட பாடு சிறிதல்ல. ஆனால் நமது சம்பளம் நாட்சம்பளம். மூச்சு முட்டி வீட்டில் படுத்தால் பேர் விழாது. ஐம்பது வயதில் நெஞ்சு போனவருக்கு ஈ.பி.எஃப். பணம் நெஞ்சைத் திருப்பித் தராது. பாதுகாப்பும் சம்பளப் பேச்சுதான்.

ஆகவே வரும் பேச்சுவார்த்தைகளில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இவற்றை எழுத்தில் வைக்க வேண்டும்:

ஒன்று, ஸ்டோரின் தூசியை அளந்து முடிவைத் தமிழில் ஒட்ட வேண்டும். இரண்டு, சல்லடை மெசின்களுக்கு மூடியும் உறிஞ்சு குழாயும் போடத் திகதி குறிக்க வேண்டும். மூன்று, அடிக்கப்படும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் பெரட்டுக்களத்தில் தெரிய வேண்டும். எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று நம்மோடு பேச வேண்டும். நான்கு, மருந்தடிப்பவர்கள் தோட்டத்திலேயே குளிக்கத் தண்ணீரும் சவர்க்காரமும், உடுப்பை அங்கேயே துவைக்க ஏற்பாடும் வேண்டும். கசியும் தாங்கியை முதுகில் ஏற்ற மறுப்பவருக்கு அந்த நாள் பேர் வெட்டப்படக் கூடாது. ஐந்து, ஸ்டோர் ஆட்களுக்கு வருடம் ஒரு முறை மூச்சுப் பரிசோதனை. தொழிலால் வரும் நோய்க்கும் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இடமிருக்கிறது. பரிசோதனைச் சீட்டு கையில் இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்குவது கடினம்.

2022 ஜூனில் சர்வதேசத் தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக ஏற்றது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு இருக்கும் அதே இடம் அதற்கும் கிடைத்திருக்கிறது. ஜெனிவாவில் எழுதியது கம்மடுவைக்கு வந்து சேர நாம்தான் தூக்கி வர வேண்டும்.

ஸ்டோரில் வேலை செய்யும் சகோதரிகளே, இன்றிலிருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த நாள் இருமல் வந்தது, எந்த நாள் அடங்கியது. ஒரு மாதக் கொப்பியோடு பத்துப் பேர் வந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைமேல் வைக்க நமக்கு ஆதாரம் இருக்கும். தூசி நின்றதா என்று முதலில் கேட்போம். முகமூடியைப் பிறகு வாங்கிக்கொள்வோம்.