தீராத நிலுவை

குருத்தோலை ஞாயிறன்று நாம் ஏந்திய ஓலைகளே உலர்ந்து எரிந்து, மறு ஆண்டுத் திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாய்ப் படிகின்றன. அன்று தொடங்கும் தவக்காலம் ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள்.

அந்நாட்களில் புலால் தவிர்க்கிறோம், சிலுவைப் பாதை செல்கிறோம், பாவசங்கீர்த்தனமும் செய்கிறோம். அத்துடன் கணக்குத் தீர்ந்ததா? வரி தண்டிய சக்கேயு அவ்வாறு எண்ணவில்லை. உடைமையில் பாதியை ஏழைகட்கு அளிப்பதாகவும், வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் ஆண்டவர் முன் உரைத்தான்.

நம் குறையையும் மறைப்பதற்கில்லை. சென்ற ஆண்டுத் திருவிழாக் கணக்கில் 600 ரூபாய் குறைந்தது. நன்கொடை திரட்டிய நண்பர்மேல் பழி சொன்னோம். நாள்தோறும் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நாமே கூட்டலில் தவறியிருந்தோம் என்பது பின்னர்ப் புலப்பட்டது. பழியைப் பலரறியச் சொன்ன நாம், பிழையைக் குருவிடம் மட்டுமே சொன்னோம். நண்பரோ கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஊர்விட்டு வந்த இடத்தில் தமிழ்த் திருப்பலிக்குக் கூடுவோர் சிலரே. அவர்களையும் இழந்தால் ஒருவர்க்கு வேறு சுற்றம் ஏது? இத்தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று அவர் வாயிலில் நின்று மன்னிப்புக் கேட்டோம். அவர் பேசவில்லை. அவர் துணைவியார், “உள்ளே வாருங்கள், அண்ணா” என்றார். மறு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் அனைவர் முன்னும் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். கடைசி வரிசையில் நண்பர் அமர்ந்திருந்தார்.

கோயிற் சுவருக்கு வெள்ளையடிப்பதால் மட்டும் பங்கு புதிதாகிவிடாது. உயிர்ப்புத் திருநாளுக்கு இன்னும் நாளுண்டு. உங்கள் கணக்கிலும் நிலுவை இருப்பின், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.