கண்ணும் கடிகாரமும்

கண்ணைப் பாடாத கவியும் இல்லை. குழந்தையின் கண்ணைப் பற்றிக் கவலைப்படாத தாயாரும் இல்லை. ஆயினும் கண் என்றவுடன் நம் மனத்தில் எழுவது இமையும், மையும், கருவிழியுமே. விழிக் கோளத்தின் பின்புறத்தில், பிறர் பார்வைக்கு அகப்படாத இடத்தில், மெல்லிய படலம் ஒன்று இரவு பகலாய் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பெருமையை இந்த வாரம் சற்றுப் பேசலாமென்று எண்ணுகிறோம்.

விழிக் கோளத்தின் வெளிச் சுவர் வெண்மையானது, கெட்டியானது. உட்புறத்தில் உருவங்களை ஏற்கும் விழித்திரை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் கருமையான படலம் ஒன்று உண்டு. டாக்டர்கள் அதைக் 'கோராய்டு' என்பார்கள். நாம் ரத்தப் படலம் என்றே வைத்துக்கொள்வோம். விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்களுக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும் பங்கை அளிப்பது இதுவே. எடைக்கு எடை பார்த்தால், தேகத்தில் இவ்வளவு ரத்தம் பாயும் இடங்கள் மிகச் சில. இத்தனை காரியம் செய்யும் இப்படலத்தின் கனமோ, சுகமான கண்ணில் சுமார் கால் மில்லிமீட்டர்தான்!

அந்தக் கால் மில்லிமீட்டரும் நாள் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதுதான் விசேஷம். இரவிலும் விடியலையொட்டியும் அது தடித்திருக்கிறது, பகலில் மெலிகிறது, மறுபடி இரவு வந்ததும் தடிக்கிறது. கண்ணைத் தொடாமல், ஒளியை உள்ளே செலுத்தி அடுக்கடுக்காகப் படமெடுக்கும் 'ஓ.ஸி.டி.' முறை 1991-ல் வெளியாயிற்று. ரத்தப் படலத்தின் ஆழம் வரையில் தெளிவாகப் பார்க்கும் உபாயம் 2008-ல் வந்தது. அதன் பிறகே இந்த ஏற்ற இறக்கத்தை மனிதர் கண்ணில் நன்றாக அளக்க முடிந்தது. 2011-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், 30 இளம் வயதினரின் கண்களை அடுத்தடுத்து இரண்டு நாட்கள் பல வேளைகளில் அளந்து பார்த்தார்கள். படலத்தின் கனம் ஒரு நாளில் சராசரி 30 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 30 பங்கு, ஏறி இறங்கிற்று. கண்ணின் நீளமும் ஏறக்குறைய அதே அளவு மாறிற்று. ஆனால் எதிர்த் திசையில். பகலில் படலம் மெலியும்போது கண் நீளுகிறது.

"அப்படியானால் காலையில் போட்ட மூக்குக் கண்ணாடி மாலையில் பொருந்தாதோ?" என்று வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். இந்த மாறுதல் கண்ணாடிக் கணக்கில் ஒரு டயாப்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

டாக்டருக்கு மட்டும் இது விளையாட்டல்ல. விழித்திரையின் அடியில் நீர் கோத்துப் பார்வையை மங்கச் செய்யும் வியாதி ஒன்று இருக்கிறது. அதில் ரத்தப் படலம் அளவுக்கு மீறித் தடித்துவிடும். இந்த மாதம் காலை 8 மணிக்கும், அடுத்த மாதம் மாலை 5 மணிக்கும் படமெடுத்துவிட்டு, "படலம் 25 மைக்ரான் மெலிந்திருக்கிறது, மருந்து வேலை செய்கிறது" என்று மகிழ்ந்தால், வேலை செய்தது மருந்தா, கடிகாரமா? ஆகையால் எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று குறித்துவைப்பதும், கூடுமானவரை ஒரே வேளையில் எடுப்பதும் அவசியமாகின்றன. காபிப் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி: ஒரு கோப்பைக் காபியும் இப்படலத்தைச் சில மணி நேரம் மெலிய வைக்கிறது. காபியை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் நமக்கு இல்லை.

நம் போன்ற உபாத்தியாயர்களை அதிகமாகச் சிந்திக்கச் செய்வது கோழிக்குஞ்சுகளின் கதை. நியூயார்க்கில் ஜோஷ் வால்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் குஞ்சுகளுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்து, 1995-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உருவம் விழித்திரைக்கு முன்னால் விழும்படி செய்தால், ரத்தப் படலம் தடித்து விழித்திரையை முன்னுக்குத் தள்ளிற்று. பின்னால் விழும்படி செய்தால், மெலிந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கண் தன் குறையைத் தானே சரிக்கட்டப் பார்க்கிறது! குஞ்சின் கண் அளவு மீறி நீண்டு வளரும்போது, அன்றாட ஏற்ற இறக்கத்தின் தாளமும் பிசகுகிறது என்று பின்னர் கண்டார்கள். கிட்டப் பார்வை என்பது கண் நீண்டுவிட்ட சங்கடந்தானே? அக்கோளாறுள்ள மனிதர் கண்களிலும் இப்படலம் மெலிந்தே காணப்படுகிறது.

பகல் வெளிச்சம் இப்படலத்தின் தாளத்தின் வழியாகத்தான் கண்ணைக் காக்கிறதென்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சீனாவின் குவாங்ஜோ நகரத்தில் 12 ஆரம்பப் பள்ளிகளைத் தேர்ந்து, பாதிப் பள்ளிகளில் மாத்திரம் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருஷங்களில் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குப் புதிதாகக் கிட்டப் பார்வை வந்தது. வெளியில் விளையாடியவர்களில் 30.4 பேருக்குத்தான். இம்முடிவு 2015-ல் வெளியாயிற்று.

பரீட்சை நெருங்கியதும் முதலில் பலியாவது டிரில் பீரியட் என்பது எல்லோரும் அறிந்ததே. இனி அதைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கேட்டு வரும் நண்பரிடம், இந்த 40 நிமிஷக் கணக்கை முதலில் போட்டுக் காட்டுவதாக உத்தேசம்.