கொஞ்ச முடியாத செல்லப் பிராணி

நாய் வளர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பூனை, கிளி, முயல் வளர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலந்தி வளர்க்கிறார்கள்! சுவர் மூலையில் வலை கட்டி ஈ பிடிக்கிறதே, அந்தச் சாதுவான எட்டுக்கால் பூச்சி அல்ல. உள்ளங்கை அகலத்துக்குக் காலை விரித்து உட்காரும், உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த 'டாரன்டுலா' சிலந்தி.

"சீச்சீ! இதையா வீட்டில் வைத்துக்கொள்வது?" என்று முகம் சுளிக்காதீர்கள். வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் யார் வைத்துக்கொள்ளலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அதன் தலைமேல் விழுந்துள்ள பழியைக் கொஞ்சம் துடைப்போம். இத்தாலியில் டாரன்டோ என்று ஒரு துறைமுகம். அந்தப் பக்கத்துச் சிலந்தி கடித்தால், வாத்தியம் முழங்க ஆடித் தீர்த்தால்தான் விஷம் இறங்கும் என்று ஒரு காலத்தில் ஜனங்கள் நம்பினார்கள். உண்மையில் அந்த இத்தாலியச் சிலந்தி வேறு குலம். பெயர் மட்டும் கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே இருந்த ரோமச் சிலந்திகளோடு ஒட்டிக்கொண்டது. பிறகு சினிமாக்காரர்கள் சும்மா விடுவார்களா? 1955ல் 'டாரன்டுலா' என்றே ஒரு படம் எடுத்து, மலை போன்ற சிலந்தியை ஊருக்குள் விட்டார்கள். 1962ல் வந்த 'டாக்டர் நோ'வில் அது ஜேம்ஸ் பாண்டின் படுக்கையில் ஏறியது. பார்த்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் டாரன்டுலா கடித்து மனிதர் மாண்டார் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அமெரிக்கக் கண்டத்து வகைகளில் பெரும்பாலானவற்றின் கடி, குளவிக் கொட்டு மாதிரிதான்.

முதல்முதலாக வாங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது இரண்டு பெயர்கள். ஒன்று, சிலி நாட்டு ரோஜா நிறச் சிலந்தி. மற்றொன்று, மெக்ஸிகோவின் செம்முழங்கால் சிலந்தி. இரண்டும் நிதானப் பேர்வழிகள். பெட்டியில் நாலு விரற்கடைக்குக் குறையாமல் தேங்காய் நார்த்தூள் பரப்ப வேண்டும். (நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக வெளிநாடு போகிறதே, அதேதான்.) ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், வாரத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு பாச்சை. முடிந்தது குடித்தனம்! நாய்க்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பெட்டி உயரமாக இருக்கக்கூடாது. இதைப் புதியவர்கள் லேசாக நினைக்கிறார்கள். சிலந்திக்குக் காலை மடக்கத்தான் தசை உண்டு. முக்கிய மூட்டுக்களை நீட்டுவது உடம்பின் திரவ அழுத்தத்தால். தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ந்தால் விறைக்கிறதல்லவா, அந்த மாதிரி. ஆகவே கீழே விழுந்து வயிறு கிழிந்தால், திரவம் ஒழுகி, கால் நீட்டச் சக்தியின்றிச் செத்துப்போகும். ஓர் அடி உயரம் போதும், அதன் உயிரை வாங்க.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் சிலந்தி மல்லாந்து கிடக்கும். எட்டுக் காலும் ஆகாயத்தைப் பார்க்கும். 'ஐயோ, போய்விட்டது!' என்று குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டவர்கள் உண்டு. அது சாகவில்லை ஐயா, சட்டை உரிக்கிறது! மல்லாந்து படுத்து, பல மணி நேரம் பாடுபட்டு, நகம், பல், வயிற்றின் உள்வரி உட்பட அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது உடம்போடு வெளியே வருகிறது. முன்பு ஒரு கால் போயிருந்தால், அடுத்தடுத்து சட்டை உரிக்கும்போது அதுவும் திரும்ப முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் அதன் உடம்பு மெழுகு மாதிரி. பெட்டிக்குள் ஒரு பாச்சை மீதியிருந்தால், அதுவே சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடும். இரையே எமனாகிவிடுகிறது!

சட்டை உரிப்பதற்கு முன்னால் அது விரதம் இருக்கும். சிலி நாட்டுச் சிலந்திக்கு மாதக் கணக்கில் பட்டினி கிடப்பது சர்வசாதாரணம். வளர்ப்பவருக்கோ சோறு இறங்காது. ஓடி ஓடி விதவிதமான பூச்சிகளைக் கொண்டு வந்து போடுவார். ஒன்றும் செய்யாமல் பேசாதிருப்பதுதான் அங்கே சரியான வைத்தியம். நம்மில் பலருக்கு வராத வித்தை அது!

இனி, என் கட்சியின் முதல் கண்டிப்பு. இந்தப் பிராணியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு ஏதாவது வளர்க்கட்டும். உள்ளங்கையில் விட்டுப் படம் எடுத்துக்கொள்வது வீரமில்லை, வீம்பு. அதற்கு எஜமானரை அடையாளம் தெரியாது. கண் பார்வையும் மந்தம். காலடி அதிர்வை வைத்து, 'ஏதோ பெரிய மிருகம்' என்று நடுங்கத்தான் அதற்குத் தெரியும். அமெரிக்க வகைகள் பயந்தால் பின்னங்காலால் வயிற்றைச் சொறிந்து, முள் போன்ற ரோமத்தைத் தூவும். 2009ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஓர் இளைஞர், கண் சிவந்து நீர் வடிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்துக்குக் கேட்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். விழியில் மெல்லிய ரோமங்கள் குத்தி நின்றன! அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது: சிலந்திப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அது முகத்தை நோக்கி எதையோ வீசியதாம். 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையில் இந்த விவரம் வெளிவந்தது.

இன்னொன்று, ஆயுசு. ஆண் சிலந்தி சில ஆண்டுகளில் போய்விடும். பெண்ணோ இருபது வருஷம், அதற்கு மேலும் இருக்கும். இருபது வயதில் ஆசைப்பட்டு வாங்குகிற பையன், நாற்பது வயதில், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கும்போதும் பாச்சை பிடித்துப் போட்டுக்கொண்டிருப்பான்!

இரண்டாவது கண்டிப்பு இன்னும் முக்கியம். காட்டில் பிடித்ததை வாங்கவே கூடாது. பெட்டியில் பிறந்த குஞ்சைத்தான் வாங்க வேண்டும். மெக்ஸிகோவின் செம்முழங்கால் சிலந்தியை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போனதால்தான், 1985லேயே அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

அது யாரோ, எங்கேயோ என்று நாம் இருந்துவிட முடியாது. ஆந்திராவில் கூத்தி என்று ஒரு ஊர். அங்கே ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியை, 1899ல் போகாக் என்ற பிரிட்டிஷ் நிபுணர் உலகுக்கு அறிவித்தார். மயில் கழுத்து நிறம்! அப்புறம் நூறு வருஷம் அது யார் கண்ணிலும் படவில்லை. 2001ல் நந்தியால், கித்தலூர் ஊர்களுக்கு நடுவே உள்ள காட்டில், மரப்பொந்துகளில் மறுபடி அகப்பட்டது. அந்தச் சின்னக் காட்டை விட்டால் அதற்கு வேறு ஊர் இல்லை. 2008ல் 'அழிவின் விளிம்பில்' என்று எழுதினார்கள். இன்று ஐரோப்பாவில் எத்தனையோ வீடுகளில் அதன் சந்ததி வாழ்கிறது. இங்கே காடோ விறகாகிக் குறைகிறது. அதே போகாக் அதே வருஷத்தில் எழுதிவைத்த இன்னொரு சிலந்திக்குச் சொந்த ஊர் நம் அரக்கோணம்! இந்தக் குடும்பம் முழுவதையும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தது 2019ல்தான். அதற்கு மனுப் போட்ட நாடுகள் இலங்கையும் அமெரிக்காவும்.

நம் ஊரிலும் ஆசை முளைத்துவிட்டது. 2021 ஜூலையில் சென்னையில் சுங்க அதிகாரிகள், போலந்திலிருந்து வந்த தபால் பார்சல் ஒன்றைப் பிரித்தார்கள். சின்னச் சின்னக் குப்பிகளில், பஞ்சும் ஜிகினாக் காகிதமும் சுற்றி, 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. லைசென்ஸும் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. வந்த வழியே போலந்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். சரியான காரியம். 2022ல் திருத்திய வன உயிரினச் சட்டப்படி, சர்வதேசப் பட்டியலில் உள்ள அந்நியப் பிராணியை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். அத்தனைக்கும் தயாராக இருப்பவர் வளர்க்கட்டும். மற்றவர்கள் காட்டில் போய்ப் பார்க்கட்டும்.

இலங்கையில் வடக்கே மாங்குளம் பக்கம், முகம் அகலச் சிலந்தி ஒன்றைக் கண்டு 2013ல் உலகம் அதிசயித்தது. உடன் வந்து உதவிய போலீஸ் இன்ஸ்பெக்டரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக்காரர் கைக்கு முதலில் வந்தது, ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்ற ஒரு ஆண் சிலந்தி. காடு குறையக் குறைய, இவை பழைய கட்டிடங்களில் புகுகின்றன. உங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தால், விளக்குமாற்றைத் தேடாதீர்கள். கையாலும் தொடாதீர்கள், நம் பக்கத்து வகைகள் கடித்தால் தசை பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் வலிக்கும். அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி, கொல்லைப்புறத்து மரத்தடியில் விட்டுவிட்டு வாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.